இருபத்தைந்து வருடத்து விடுமுறையை இன்றே வாங்கலாமா?



போன மாதம் ஹட்டனில் இருந்து ஒரு தம்பி தொலைபேசியில் பேசினார். கைத்தொலைபேசிக் கடை வைத்திருப்பவர். வயது முப்பத்தைந்து இருக்கும், இரண்டு பிள்ளைகள். சலாம் சொல்லி நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"நாநா, கொழும்பில ஒரு ஹோட்டேலுக்குக் கூப்பிட்டாங்க. பரிசு விழுந்திருக்கு, மனைவியோட வந்து எடுத்துக்கொண்டு போங்கன்னாங்க. போனோம். பன்னிரண்டு இலட்சம் கட்டினா 25 வருஷத்துக்கு, வருஷம் ஒரு கிழமை குடும்பத்தோட தங்கலாமாம். தவணையிலயும் கட்டலாமாம். மூணு நாளைக்குள்ள முடிவு சொல்லணும். எடுக்கவா, விடவா?"

மூன்று நாள் தவணை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நல்லதண்ணியில் என் கடைக்கு வரும் யாத்திரிகரிடம் "இந்த விலை இன்றைக்கு மட்டும்தான்" என்று சொல்லி நானும் எத்தனையோ கம்பளித் தொப்பி விற்றிருக்கிறேன். தொப்பி வாங்கியவர் ஏமாந்தாலும் முந்நூறு ரூபாவோடு போகும். இது 25 வருடத்துக் கணக்கு. இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால் இந்தக் கிழமை பத்தியை இதற்கே ஒதுக்குகிறேன்.

இந்த ஏற்பாட்டுக்கு டைம்ஷெயார் என்று பெயர். ஒரு விடுதி அறையை வருடத்தின் 52 கிழமைகளாக வெட்டி, ஒவ்வொரு கிழமையையும் ஒவ்வொரு குடும்பத்துக்கு விற்பதுதான் இதன் அடிப்படை. 1960களில் சுவிட்சர்லாந்திலும் பிரான்ஸின் அல்ப்ஸ் மலைப் பக்கத்திலும் தொடங்கியது. 1974இல் அமெரிக்காவில் ஆர்.சி.ஐ. என்ற கம்பனி வந்து, ஒருவரது கிழமையை இன்னோர் ஊர் விடுதியின் கிழமையோடு மாற்றிக்கொள்ளும் வழியைக் கொண்டு வந்தது. அதன் பிறகு வியாபாரம் உலகம் முழுக்கப் பரவியது. நமக்குப் பக்கத்தில் தமிழ்நாட்டில், 1986இல் தொடங்கிய ஸ்டேர்லிங் கம்பனி கொடைக்கானல், ஊட்டி என்று மலைநாட்டு விடுதிகளைக் காட்டி நடுத்தரக் குடும்பங்களுக்கு விற்றது. 1996இல் மஹிந்திரா கம்பனி வந்தது. அவர்களது 25 வருட அங்கத்துவத்தில் வருடத்தை ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் பிரித்திருப்பார்கள். சனம் நெருக்கியடிக்கும் காலம் ஊதா, ஆள் இல்லாத காலம் நீலம். நிறத்துக்கு ஏற்றபடி விலை.

இதில் ஏமாற்று என்று பிறப்பிலேயே ஒன்றும் இல்லை. வருடா வருடம் தவறாமல் ஒரு கிழமை போய்த் தங்கும் குடும்பத்துக்கு இது பொருந்தியும் இருக்கிறது. ஆனால் வாங்குகிற சாமான் என்ன என்று தெரிந்து வாங்க வேண்டும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அறையோ காணியோ உங்களுக்குச் சொந்தமாவதில்லை. தங்கும் உரிமை மட்டும்தான், அதுவும் காலம் முடியும் வரை. அந்த உரிமையை வைத்துக்கொள்ள, பன்னிரண்டு இலட்சத்துக்கு மேலே வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் என்று ஒன்று கட்ட வேண்டும். தம்பியிடம் அதைக் கேட்டேன். "ஓம் நாநா, சின்னத் தொகை ஒண்டு சொன்னாங்க, நாற்பத்தைஞ்சாயிரமோ என்னமோ" என்றார். அந்த "என்னமோ"வில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

2003ஆம் ஆண்டு நானும் இப்படி ஒரு ஹோட்டேல் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். முந்திய வருடம்தான் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி, பாதைகள் திறந்து, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் சனம் சுற்றுலாப் போகத் தொடங்கியிருந்தது. அந்த சீசன் எனக்கும் நல்ல வியாபாரம், அல்ஹம்துலில்லாஹ். கையில் கொஞ்சம் காசு நின்றது. கழுத்துப் பட்டி கட்டிய பொடியன் ஒன்றரை மணித்தியாலம் பேசினான். பெரிய திரையில் கடலைக் காட்டினான். என் பிள்ளைகளின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, பேச்சுக்கு இடையில் அந்தப் பெயர்களைச் சொல்லிச் சொல்லிப் பேசினான். பேனையைக் கையில் எடுத்துவிட்டேன். அதுவரை வாய் திறக்காமல் இருந்த மனைவி மெதுவாகக் கேட்டார்: "சீசன் படுத்துப்போற வருஷம் இந்தக் காச எங்க இருந்து கட்டுவீங்க?"

பொடியன் அதற்கு ஏதோ சொன்னான். எனக்குக் காதில் ஏறவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம். பரிசு என்று தந்தது ஆறு கண்ணாடிக் கோப்பை. அதில் இரண்டு இன்னும் வீட்டில் இருக்கிறது.

அன்று நான் கையொப்பம் வைத்திருந்தால் ஒப்பந்தம் 2028 வரை ஓடும். அந்த வருடங்களை எண்ணிப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி. 2006இல் இருந்து 2009 மே வரை மறுபடி யுத்தம். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நம்மவர் கடைகளுக்கு என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. 2020 மார்ச் 20இல் நாடு முழுக்க ஊரடங்கு. பாவாத மலை சீசன் பாதியில் அறுந்தது, கட்டி வைத்திருந்த ஜேர்சி மூட்டைகள் அப்படியே கிடந்தன. 2022இல் பெற்றோலுக்கு வரிசை, 2025 நவம்பரில் டிட்வா புயலும் மண்சரிவும். இதில் எந்த வருடத்தையும் அந்த விடுதிக் கம்பனி உண்டாக்கவில்லை. ஆனால் விடுதியின் கூரைக்கும் காவல்காரனுக்கும் அந்த வருடங்களிலும் செலவு இருந்தது. அதைப் பங்குபோட்டுக் கட்ட வேண்டியவர்கள் கிழமை வாங்கியவர்கள்தான்.

வாடகைக்கு அறை எடுப்பவர் "இந்த வருஷம் வேண்டாம்" என்று சொல்லிவிடலாம். கிழமை வாங்கியவருக்கு அந்தச் சொல் இல்லை. பன்னிரண்டு இலட்சத்தோடு சேர்த்து அவர் அந்தச் சொல்லையும் கொடுத்துவிடுகிறார். ஆகவே ஒரு குடும்பத்துக்கு இதற்கு வசதி வந்துவிட்டதா என்று பார்க்க, நல்ல வருடத்தின் இலாபத்தை எடுத்து அளக்கக் கூடாது. கடைசியாக வந்த மோசமான வருடத்தின் கணக்குப் புத்தகத்தை எடுத்து, அதில் இந்தக் கட்டணத்துக்கு இடம் இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

இனி தம்பியின் கணக்குக்கு வருவோம். விற்பவர் கணக்கு இப்படி: பன்னிரண்டு இலட்சத்தை 25ஆல் பிரித்தால் வருடத்துக்கு 48,000. பராமரிப்பு 45,000. மொத்தம் 93,000. அதே மாதிரி அறை ஓர் இரவுக்கு 15,000 என்றால் ஏழு இரவுக்கு 1,05,000. ஆகவே வருடத்துக்கு 12,000 இலாபம். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை.

வியாபாரியின் கணக்கு வேறு. பன்னிரண்டு இலட்சம் தம்பியின் கடையில் சரக்காக நின்றால், நூற்றுக்குப் பத்து மட்டும் நின்றாலும் வருடத்துக்கு 1,20,000 இலாபம். அதை இழந்துவிட்டு 45,000 கட்டினால், முதல் வருடத்திலேயே அந்த ஒரு கிழமை 1,65,000க்கு வருகிறது. முடிவில் கடை முதல் கையில் இருக்கும், அங்கத்துவத்தில் ஒன்றும் இருக்காது என்பது தனி.

அதை விடுங்கள். "தம்பி, நீங்க கடையைப் பூட்டிவிட்டு ஏழு இரவு எப்போது வெளியே தங்கினீர்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, மூன்று நாளுக்கு மேல் ஒருபோதும் போனதில்லை என்றார். மூன்று இரவுக்கு வாடகை 45,000. அதாவது பன்னிரண்டு இலட்சத்தை மறந்துவிட்டாலும், பராமரிப்புக் கட்டணம் ஒன்றே அவர் உண்மையில் தங்கக்கூடிய மூன்று இரவின் முழு வாடகைக்குச் சமம்.

அந்தக் கட்டணமும் 45,000இல் நிற்காது. வருடத்துக்கு நூற்றுக்கு 8 ஏறினால் ஒன்பது வருடத்தில் இரட்டிப்பாகும். 25ஆவது வருடம் ஏறத்தாழ 2,85,000 கட்ட வேண்டி வரும். 25 வருடத்தின் கட்டணம் எல்லாம் கூட்டினால் 33 இலட்சத்துக்குக் கிட்ட வரும், பன்னிரண்டு இலட்சத்துக்குப் புறம்பாக. அறை வாடகையும் அப்படித்தான் ஏறும் என்று விற்பவர் சொல்வார். உண்மைதான். ஆனால் வாடகை ஏறினால் நான் மூன்று இரவை இரண்டாக்குவேன், அல்லது சொந்தக்காரர் வீட்டுக்குப் போவேன். கட்டணம் டொலரில் எழுதியிருந்தால் இன்னும் கவனம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. 300 டொலர் கட்டணம் இரண்டே மாதத்தில் 60,000இல் இருந்து 1,08,000 ஆனது.

எந்தக் கிழமையை வாங்குவது என்பதில் நம்மவர்கள் விடும் பிழை ஒன்று உண்டு. என் மச்சான் ஒருவர் புடவைக்கடைக்காரர். சித்திரைப் புத்தாண்டு வியாபாரம் முடிந்ததும் ஒரு கிழமை கடையில் வேலை இருக்காது என்று, ஏப்ரல் நடுக் கிழமையையே வருடா வருடத்துக்கும் நிரந்தரமாக வாங்கினார். நுவரெலியா சீசன் நேரம், விலையும் உச்சம். பல வருடம் சந்தோஷமாகப் போய் வந்தார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் நமது நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும் என்பதை அவரும் யோசிக்கவில்லை, விற்றவருக்கும் தெரியவில்லை. 2020 ஏப்ரல் ஊரடங்கில் போயிற்று. 2021, 2022, 2023 மூன்று வருடமும் அந்தக் கிழமை ரமழானுக்குள் விழுந்தது. நான்கு வருடம் அறைக்குப் பூட்டு, கட்டணத்துக்கு மட்டும் பூட்டு இல்லை. கிழமையை மாற்றிக் கேட்டபோது, மாற்றலாம், ஆனால் அதற்கு ஒரு கட்டணம், இடம் இருந்தால் மட்டும் என்றார்கள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. அவர் வாசிக்கவில்லை.

25 வருடத்தில் ரமழான் ஏறத்தாழ ஒன்பது மாத தூரம் நகர்ந்துவிடும். பெருநாள்களும் அதோடு போகும். நமது முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறையும் நோன்பை ஒட்டியே அமைகிறது. ஆகவே இன்ன தேதி இன்ன கிழமை என்று நிரந்தரமாக எழுதும் ஒப்பந்தம் நமக்கு ஒத்துவராது. வாங்கினால், மாற்றிக்கொள்ளும் உரிமை தெளிவாக எழுதப்பட்டதையே வாங்க வேண்டும்.

நல்லதண்ணி, மஸ்கெலியா, ஹட்டன் பக்கத்து வியாபாரிகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நமக்கு உந்துவப் போயாவில் தொடங்கி வெசாக் போயாவோடு சீசன் முடிகிறது. டிசம்பரிலும் ஏப்ரலிலும் எந்தக் கடைக்காரரால் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போக முடியும்? நமக்கு ஓய்வு ஜூனில் இருந்து. மலையில் அடைமழை கொட்டும் அந்த மாதங்களில் தெற்கு, மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். அங்கே அப்போது விலை குறைவு, ஆனால் பிள்ளைகளைக் கடலில் இறக்க முடியாது. கிழக்கில் பாசிக்குடா, நிலாவெளி, அறுகம்பை பக்கம் அப்போதுதான் கடல் அமைதி, அங்கே அதுதான் உச்ச சீசன். ஆகவே "சீசன் இல்லாத காலம், மலிவு" என்று யாரும் சொன்னால், எந்தக் கரையில் என்று கேளுங்கள்.

புனித மக்காவின் கதையையும் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மவரின் உள்ளத்தைத் தொடும் வழி அது. ஹரத்தை ஒட்டி எழுந்த ஸம்ஸம் கோபுரத்தில் 2000களின் தொடக்கத்தில், 24 வருடத்துக்குக் குறிப்பிட்ட கிழமைகளில் தங்கும் உரிமை ஸுகூக் பத்திரங்களாக விற்கப்பட்டது. வக்பு நிலம் என்பதால் நிலத்தை விற்காமல் பயன்பாட்டு உரிமையை மட்டும் விற்கும் ஏற்பாடு. முறையாகச் செய்யப்பட்ட ஒன்று அது. ஆயினும் அறை கையில் இருப்பதால் விசா வராது. இலங்கையில் இருந்து ஹஜ் போவது நாட்டுக்குக் கிடைக்கும் கோட்டாவின் படிதான். 2020, 2021 இரண்டு வருடமும் வெளிநாட்டு ஹாஜிகளுக்கு ஹஜ்ஜே இருக்கவில்லை. அறையின் சாவியை விற்பவரால் ஊரின் வாசலைத் திறந்துதர முடியாது.

மார்க்கத்தில் இது ஆகுமா என்று கேட்பவர்களுக்கு: சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 2007இல் மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடியபோது இந்த ஒப்பந்தத்தைப் பற்றி ஆராய்ந்து தீர்மானம் எடுத்திருக்கிறது. விற்பனைக்கோ குத்தகைக்கோ உரிய மார்க்க விதிகளுக்கு உட்பட்டு நடந்தால் ஆகும் என்பதே அதன் சாரம். மேலதிகமாக ஆலிம்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லக்கூடியது வியாபாரக் கணக்கு. தவணையில் கட்டுவதென்றால் அந்தத் தவணைக்குள் வட்டி இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தமாகக் கட்டினால் ஒரு விலை, மாதமாகக் கட்டினால் நிலுவைக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தால் அது என்னவென்று உங்களுக்கே தெரியும். "இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் உங்கள் காசு திரும்பிவிடும்" என்று யாரும் சொன்னால் செருப்பைத் தேடுங்கள். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கிச் சட்டத்தின் கீழ் பிரமிட் திட்டங்கள் இந்த நாட்டில் குற்றம். சேர்ப்பவரும் மாட்டுவார்.

சரி, யார்தான் வாங்கலாம்? கடந்த ஐந்து வருடத்தில் குறைந்தது நான்கு வருடம், காசு கொடுத்து, ஐந்தாறு இரவாவது தங்கிய குடும்பம். போகப் போகிறோம் என்பதை எண்ணக் கூடாது, போனதை மட்டும் எண்ண வேண்டும். அந்தப் பன்னிரண்டு இலட்சம் சரக்குக் காசாகவோ, குமரை வாழ வைக்கச் சேர்த்ததாகவோ, ஹஜ்ஜுக்கு ஒதுக்கியதாகவோ, பிறருக்குக் கொடுக்க வேண்டிய காசோலைக் காசாகவோ இருக்கக் கூடாது. கடன் இல்லாமல் கையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு வருடம் கடை பூட்டிக் கிடந்தால் வீட்டையும் கட்டணத்தையும் தாங்கும் அளவு புறம்பாக நிற்க வேண்டும். நம்மூரில் இந்த நிலையில் உள்ள வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் வாங்கட்டும், அவர்களுக்கு அது விரயம் அல்ல.

வாங்குவதற்கு முன் வெளியேறும் வாசலையும் பார்க்க வேண்டும். பழைய கிழமையை விற்கப் போனால் வாங்குவதற்கு ஆள் அருமை, ஏனெனில் கம்பனி புதியதை விற்பதற்கு மண்டபம் எடுத்துப் பரிசு கொடுக்கிறது, உங்களிடம் அது இல்லை. நான் மௌத்தானால் இந்தக் கட்டணம் பிள்ளைகள் தலையில் விழுமா என்று எழுத்தில் கேளுங்கள். ஸ்பெயினில் முடிவுத் திகதி இல்லாமல் விற்ற ஒப்பந்தங்கள் பல இருந்தன. 1999 ஜனவரிக்குப் பிறகு அப்படிச் செய்தவை செல்லாது என்று அந்த நாட்டு உயர் நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. கம்பனியே கைமாறினால் என்ன ஆகும் என்பதும் கேள்விதான். மேலே சொன்ன ஸ்டேர்லிங் பண நெருக்கடியில் சிக்கி, கடைசியில் 2014இல் தோமஸ் குக் இந்தியா கம்பனி அதை எடுத்துக்கொண்டது. நீங்கள் 25 வருடத்துக்குக் கைகொடுக்கும் ஆள் 25 வருடமும் அதே ஆளாக இருப்பார் என்று நினைக்க வேண்டாம்.

மூன்று நாள் தவணையைப் பற்றி: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி கையொப்பம் வைத்த பிறகும் 14 நாள் வரை காரணம் சொல்லாமல் விலகலாம், அந்த 14 நாளுக்குள் முற்பணம் வாங்கவும் கூடாது. அங்கே வாங்கியவருக்கே அவ்வளவு அவகாசம். தம்பியிடம் நான் சொன்னது, ஒப்பந்தத்தின் பிரதியை வீட்டுக்குத் தரச் சொல்லுங்கள், ஒரு சட்டத்தரணி பார்க்கட்டும் என்று. கேட்டாராம். கையொப்பம் வைத்தால்தான் பிரதி என்றார்களாம்.

மூன்றாம் நாள் இரவு தம்பி மறுபடி பேசினார். மனைவியும் அவரும் உட்கார்ந்து ஐந்து வருடக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். காசு கொடுத்துத் தங்கியது ஐந்து வருடமும் சேர்த்து ஏழு இரவு.

"வாங்கல்ல நாநா. ஆனா மகளுக்கு ஆறு வயசு, இன்னும் கடலைக் கண்டதில்ல. அதுதான் மனசு அடிச்சிக்கொண்டது" என்றார்.

அவர் அந்த மண்டபத்துக்குப் போனது அந்த ஆசையோடுதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆகஸ்டில் பாசிக்குடாவில் மூன்று இரவுக்கு அறை பேசியிருக்கிறாராம். முற்பணம் ஐயாயிரம்.